கரைவந்தானின் சாட்சி

கடல் எதைக் கொண்டுவந்து கரையில் போட்டாலும், நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஊர் அடம்பங்குப்பம். பேர் தெரியாத பிணம் ஒதுங்கினாலும் சரி, எந்தத் தேசத்துக் கப்பலிலிருந்தோ விழுந்த பீப்பாய் உருண்டு வந்தாலும் சரி, ஒரு புயலுக்கு மறுநாள் பிடரியெல்லாம் உப்புப் பூத்த குதிரை ஒன்று நீந்தி ஏறியதே, அதற்கும் சரி, அந்த ஊருக்கு வழக்கம் ஒன்றுதான்: முதலில் யார் கண்ணில் பட்டதோ அந்த வீட்டுக்கு அது உறவு. செத்ததென்றால் அந்த வீட்டார் கொள்ளி வைக்கவேண்டும், உயிரோடிருந்தால் உலை வைக்கவேண்டும். முறை சொல்லிக் கூப்பிடாத எதையும் ஊர் தன் எல்லையைத் தாண்டி வெளியாள் கையில் ஒப்படைக்காது. அந்தக் குதிரை கடைசிவரை ஐஸ் கடை பரசுராமனுக்கு மச்சானாகவே இருந்து மச்சானாகவே செத்தது, கருமாதிக்கு ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

அதனால் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த ஒரு கார்த்திகைக் காலையில், முகத்துவாரத்து ஓரமாக, கறுப்பாகப் படர்ந்து கிடந்த எண்ணெய் தன்னைத் தானே வாரிச் சுருட்டிக்கொண்டு, முழங்காலை ஊன்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றபோது, அதை முதலில் பார்த்த வேம்புலி அலறவில்லை. பல்லில் கடித்திருந்த பனையோலைப் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "துன்னியா?" என்றாள்.

"துன்றதுக்கு வாயே இப்பத்தான் வந்துது" என்றான் அவன்.

வேம்புலி உப்பங்கழியில் கைத்தடவல் செய்கிறவள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் எடுக்கிற வேலை. புருஷன் போன பிறகும் அதுதான் சோறு, அவன் இருந்தபோதும் அதுதான் சோறு. தாயில்லாத தம்பி தேசிங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிய பெண் அவள்; அந்தச் சேற்றில்தான் அவனுக்குப் படிப்பும் கல்யாணமும் இருந்தன, அந்தச் சேறுதான் அவனை இன்றைக்கு ஊர்த்தலைவராக நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறது. அந்தச் சேற்றின்மேல்தான் இப்போது விடிந்ததிலிருந்து எண்ணெய் கனத்துக் கிடந்தது. கூழைக்கடாக்கள் சிறகை ஒட்டவைத்துக்கொண்டு நடந்தே போயின. அலையாத்திச் செடிகள் இடுப்புவரை கறுப்புப் பாவாடை கட்டி நின்றன. இனி இந்தக் கழியில் கை வைக்க முடியுமா என்ற ஒரே கேள்விதான் அவள் வயிற்றில் இருந்தது, பதிலே எழுந்து நடந்து வந்ததுபோல் அவன் வந்தான்.

அப்போது அவன் எவ்வளவு அழகாயிருந்தான் என்பதைச் சொல்லியாகவேண்டும். தோளிலும் விரல் நுனியிலும் அவன் கண்ணாடி மாதிரி மெலிந்து, வெயில் பட்டால் நீலமும் ரோஜாவும் பச்சையுமாக ஓடினான். பக்கத்தில் நின்றால் தலை லேசாகச் சுற்றியது, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. நிற்கவும் மாட்டான், நிறுத்தவும் மாட்டான். பேசினான், பேசினான், காற்றுக்கு முன்னால் ஓடுகிறவன்போல் பேசினான்.

"மூணாவது தொட்டிக்கும் நாலாவது தொட்டிக்கும் நடுவால ஒரு குழா ஓடுதே, அதுல இருந்தவன் நான். அங்க ஒரு மூட்டு ஐப்பசி மழையிலேர்ந்தே அழுதுக்கினு இருந்துது. பாத்தாங்க. பாத்துட்டு சாக்க சுத்தி கட்டுனாங்க. வெள்ளம் வந்தப்போ ஒருத்தரு போன்ல கேட்டாரு, இன்னா பண்றதுன்னு. இன்னொருத்தரு சொன்னாரு, வெள்ளத்தோட போவட்டும்யா, யாருக்கு தெரியப்போவுது. கேட்டவரு பேரும் தெரியும் எனக்கு, சொன்னவரு பேரும் தெரியும்."

இரண்டு பேரையும் சொன்னான். வெள்ளம் பார்க்க வந்து கரையில் கூடியிருந்த ஊர் மொத்தமும் அதைக் காதால் கேட்டது.

கழியின் மேற்குக் கரையில் நிற்கிற அந்தப் பெரிய தொட்டிகளின் கம்பெனி, காலையிலிருந்தே, எண்ணெய் எங்களுடையது இல்லை, எங்கிருந்து வந்ததோ என்று சொல்லிக்கொண்டிருந்தது. யார் கொட்டினார்கள் என்று நிரூபணமானால் கொட்டினவன்தான் கழியை அடிவரைக்கும் அள்ளிச் சுத்தம் செய்து தரவேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் பெரிய ரோட்டில் வந்து இறங்கியிருந்த அதிகாரிகள் மைக்கில் சொல்லியிருந்தார்கள். வேம்புலி யோசிக்கவே இல்லை. வீட்டிலிருந்து நீலப் பிளாஸ்டிக் டிரம்மை உருட்டி வந்தாள்.

"இதுல ஏறு சாமி. ரோட்டாண்ட அதிகாரிங்க கீறாங்க. இப்ப சொன்னத அப்படியே அவங்க எதிர்லயும் சொல்லு, போதும்."

அவன் ஏறிவிட்டான். அப்போதுதான் தேசிங்கு மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்து டிரம்மின் விளிம்பைப் பிடித்தான்.

"யக்கா, எங்க கூட்டினு போற?"

"எங்கன்னு இன்னாடா கேள்வி? பேரு வரைக்கும் சொல்றான்டா!"

"சொல்றான், சரி. யாரு இவன்? முறை கட்டாம ஊரத் தாண்டி எப்படி அனுப்புவ?" அவன் குரலைத் தாழ்த்தவில்லை, ஊர் கேட்கவே பேசினான். "அங்க போனா முதல்ல இன்னா கேப்பான்? நீ யாரு, உனுக்கு ஆள் யாருன்னு கேப்பான். அனாதைன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் தோள்ல கைய போட்டு அந்தாண்ட இழுத்துனு போயிடுவான். நம்ம ஆளா ஆக்கிடுவோம்க்கா. மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வருது இல்ல, சாமி எதிர்ல முறை கட்டிடுவோம். அப்பால இவன் நமக்காக பேசுவான். சொந்தம்னா விட்டுக்கொடுக்க மாட்டான்."

பஞ்சாயத்துப் பெரியவர் நாகூரான் தலையை ஆட்டினார். "தலைவரு சொல்றது நாயம்மா. பொணத்தையே முறை இல்லாம அனுப்புனது கெடையாது நாம."

ஊருக்கும் அது சரியாகவே பட்டது. உறவுக்காரன் சாட்சிதான் உறுதியான சாட்சி என்று நம்புகிறவர்கள் அவர்கள். சண்டையில், நிலத்தில், கல்யாணத்தில், எதிலும் அவர்களுக்காக வெளியாள் வந்து பேசி அவர்கள் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் டிரம்முக்குள் இருந்தவனின் தோளிலிருந்து கானல் மாதிரி ஏதோ ஒன்று நெளிந்து எழும்பி ஆகாயத்தில் கரைந்தது. அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"போன்ல சொன்னாரே, அவரு பேரு... இப்பத்தான் நாக்கு நுனியில இருந்துது..."

வேம்புலி அதைப் பார்த்தாள். தேசிங்கும் பார்த்தான். அவன் பார்த்ததை அவள் பார்த்தாள், பார்த்தும் தம்பிக்கும் தன்னைப்போலவே மனசு பதறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு டிரம்மைத் திரும்ப வீட்டுப் பக்கம் உருட்டினாள்.

கரைவந்தான் என்று பேர் வைத்தார்கள். அவன் வேம்புலி வீட்டில் குடியேறியதும் ஊர் அவனுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. புது மருமகள் வந்த வீட்டில் அண்டாவை இடம் மாற்றி வைப்பதுபோல, பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் பீடி பற்றவைப்பது நின்றது, அடுப்பு மூட்டுகிறவர்கள் பாத்திரத்தோடு அடுத்த தெருவுக்குப் போனார்கள். கைக்குழந்தைகளுக்குத் தலை சுற்றுகிறது என்று தாய்மார்கள் அவன் வீட்டுக் காற்று படாத பக்கமாக நடந்தார்கள். எதிர்வீட்டு மீன்காரி பூங்காவனம் மட்டும், "உந்தம்பி வந்ததுலேர்ந்து தெருவுல ஒரு கொசு கெடையாதுடி, இவன முன்னாடியே கொட்டியிருக்கக் கூடாதா" என்று வாசலில் நின்று சத்தம்போட்டுச் சிரிப்பாள். ரேஷன் அட்டையில் அவன் பேரைச் சேர்க்கலாமா என்று ஒரு நாள் பஞ்சாயத்தில் விவாதம் நடந்தது. சேர்த்தால் மண்ணெண்ணெய் கூடக் கிடைக்குமே என்று ஒருவர் சொல்ல, அவனே பாதி மண்ணெண்ணெய், அவனுக்கு எதற்கு மண்ணெண்ணெய் என்று இன்னொருவர் கேட்க, விஷயம் கைகலப்பில் முடிந்தது.

படுத்தால் ஒரு இடத்தில் படுக்கத் தெரியாது அவனுக்கு. தலை வைத்த இடத்திலிருந்து நாலு மூலைக்கும் பரவி, கதவிடுக்கில் கசிந்து, விடியும்போது பூங்காவனம் வீட்டு அம்மிக்கல்லைச் சுற்றி வானவில்லாகக் கிடப்பான். வேம்புலி வைக்கோலைப் பிரியாக முறுக்கி அவன் படுக்கையைச் சுற்றி வளையம் போட்டாள், தென்னை ஓலையால் ஓரத்தைத் தள்ளித் தள்ளி நடுவில் சேர்த்தாள், பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் ஈரச்சாக்கைப் போர்த்தினாள். வெயில் பட்டால் அவனிடமிருந்து ஏதோ போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இலேசானதெல்லாம் முதலில் போனது. சிரிப்பு போனது, வாசனை போனது, பேர்கள் போயின. கனமானது மட்டும் அடியில் நின்றது.

"நெழல்லயே வெச்சிருக்கணும் இவன" என்று தம்பியிடம் சொன்னாள்.

"நெழல்ல வெச்சா ஊரே நாறுதுக்கா. புகாரு மேல புகாரு. வெயில்ல காத்தாட போடு, உடம்புக்கு நல்லது" என்றான் தேசிங்கு. மறுநாளிலிருந்து ஊர்க் கட்டுப்பாடு என்று ஆள் வந்தது. கயிற்றுக்கட்டிலில் அவனைக் காலையில் மணலுக்குத் தூக்கிப்போவதும், பொழுது சாயும்போது திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் தெருவுக்கு ஒரு முறையாக நடந்தது. கட்டுப்பாட்டை மீறினால் தண்ணீர்க் குழாய்க்கும் வரக்கூடாது என்பது அங்கே வழக்கம். அவள் மீறவில்லை. கட்டுப்பாடு போட்டவன் தம்பி என்பதால் அதில் ஏதோ நன்மை இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மார்கழியில் அவனுக்குத் தாகம் வந்தது. சாதாரணத் தாகம் இல்லை. குடம் குடமாகக் கடல் தண்ணீரை ஊற்றினாலும் போதாமல், கட்டிலோடு அலைக்குள் தூக்கிப்போய் வைக்கச் சொல்லி, தேசிங்கும் பக்கத்தில் நின்று சரியென்று தலையாட்ட, அலை வந்து வந்து அடிக்க அடிக்க அதைத் தனக்குள் கலந்து கலந்து, அவன் ஊத ஆரம்பித்தான். ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்தவன் நாலாள் பருமன் ஆனான். நீலமும் ரோஜாவும் போய், கேழ்வரகுக் கூழை ஆறவைத்த நிறத்துக்கு வந்தான், கூழ் மாதிரியே கெட்டியாகித் தளும்பினான். அக்கா வீட்டுச் சோறு ஒட்டுது என்று ஊர் சந்தோஷப்பட்டது. அவனுக்குள் தண்ணீர்தான் பாதிக்கு மேல் என்பது வேம்புலிக்குத் தெரியும். கன்னத்தில் விரலை வைத்தால் உள்ளே உப்புத்தண்ணீர் அசையும்.

தண்ணீரோடு வேறொன்றும் அவனுக்குள் போனது. பேர்கள் காலியான இடத்தில் ஊர்ப் பேச்சு புகுந்தது. மணலில் நாளெல்லாம் கிடக்கிறவனைச் சுற்றி உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துகிறவர்கள் பேசியதெல்லாம் அவனுக்குள் இறங்கிக் கலந்தது. வாடைக்காற்று எது, கொண்டல் எது என்று சொன்னான். யார் வீட்டுப் பெண்ணுக்கு யார் மாமன் என்று பிசகாமல் சொன்னான். பரசுராமனின் குதிரை நீந்தி வந்த கதையைத் தானே பார்த்ததுபோல் சொல்லி, கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி செய்தான். "நம்ம ஊரு" என்று அவன் வாயில் முதல் தடவை வந்தபோது நாகூரான் எழுந்து போய் அவன் தலையைத் தடவிக் கொடுத்து, அந்தக் கையைக் கழுவ அன்று முழுதும் பாடுபட்டார்.

வேம்புலி மட்டும் தினமும் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுப்பாள். மூணாவது தொட்டி. நாலாவது தொட்டி. ஐப்பசி மழை. அழுதுகொண்டிருந்த மூட்டு. சாக்கு. போனில் கேட்டவர் பேர், போனில் சொன்னவர் பேர்.

"எங்க, சொல்லு."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்பான் அவன், மரியாதையாக. கொஞ்ச நேரம் கழித்து, "உன் கை இன்னா இப்படி வெடிச்சி கெடக்குது?" என்று கேட்பான். இத்தனை வருஷத்தில் அந்தக் கையைப் பார்த்து ஒருவரும் கேட்காத கேள்வி அது. அவன் தன் விரலால் அவள் வெடிப்புகளில் தடவுவான், எரிச்சல் அடங்கும். அக்கா என்று அவன் கூப்பிடும்போது அவளுக்குள் ஏதோ நெகிழ்ந்து கொடுக்கும். அதற்காக அவள் தன்மேலேயே கோபப்படுவாள். கழி கெட்டுக் கிடக்கிறது, கெடுத்தவனே மடியில் படுத்து அக்கா என்கிறான், என் வயிறு எரியாமல் ஏன் குளிர்கிறது என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

மாசி மகத்துக்குள் அவன்மேல் தோல் கட்டிவிட்டது. காய்ச்சிய பால்மேல் ஆடை படிவதுபோல முதலில் மெல்லியதாக, பிறகு தட்டினால் ஓசை வருகிற மாதிரி. நடந்தால் அவனிடமிருந்து கறுப்பு உருண்டைகள் உதிர்ந்தன. பிள்ளைகள் அதைப் பொறுக்கிக் கோலி ஆடினார்கள், பெரியவர்கள் படகின் அடியில் பூசினார்கள். சாமி பல்லக்கில் கடலுக்கு வந்து தீர்த்தமாடித் திரும்பும்போது, தேசிங்கே முன்நின்று மஞ்சள் கயிற்றை எடுத்து வேம்புலி கையில் கொடுத்தான். அவள் கரைவந்தான் மணிக்கட்டில் கட்டினாள். கயிறு அவனுக்குள் அமிழ்ந்து காணாமல் போனது. "வேம்புலிக்கு தம்பி, எனக்கு அண்ணன், இந்த ஊருக்கு புள்ள" என்று தேசிங்கு சாமி எதிரில் உரக்கச் சொன்னான், ஊர் அதைத் திருப்பிச் சொன்னது, மேளம் கொட்டியது.

"இப்ப கூட்டினு போவலாம் இல்ல?" என்று கேட்டாள் வேம்புலி.

"நாம எதுக்குக்கா போவணும்? விசாரணையே இங்க வருது" என்றான் தேசிங்கு.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா கண்ணாடி போட்ட, சோர்ந்த முகமுள்ள மனுஷி. வந்ததும் கழியைப் போய்ப் பார்த்துவிட்டு, சேலை ஓரத்தில் கறுப்போடு திரும்பி வந்து, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தணிவாகப் பேசினார். கம்பெனி சார்பில் ஒருவர் வந்திருந்தார், சிரித்த முகம், கசங்காத சட்டை. ஊர் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. கரைவந்தானை எட்டுப் பேர் சுமந்து வந்து நடுவில் வைத்தார்கள். மணலும் சிப்பியும் ஒட்டி, பாறையா ஆளா என்று தெரியாமல் அவன் கனத்துப்போயிருந்தான். கண் மட்டும் ஈரமாக அக்காவைத் தேடிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்காரர் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ஊருப்பா நீ?"

"இந்த ஊருதான்" என்றான் கரைவந்தான். கல்லுக்கு அடியிலிருந்து வருகிற குரல். "அடம்பங்குப்பம்."

ஊர் கைதட்டியது. பாவம், சந்தோஷத்தில் தட்டிவிட்டார்கள். பிள்ளை மேடையில் பேர் சொல்லும்போது தட்டுவார்களே, அப்படி.

அதிகாரியம்மா முன்னால் சாய்ந்தார். "உன்னைக் கொட்டினது யாரு? எந்தக் குழாயிலேர்ந்து வந்தே? பயப்படாம சொல்லு."

"என்ன யாரும் கொட்டலம்மா. நான் இங்கியே வளந்தவன். அதோ எங்க அக்கா."

"கேட்டீங்களா மேடம்" என்றார் கம்பெனிக்காரர், இன்னும் சிரித்த முகமாகவே. "மாசி மகத்தன்னிக்கு சாமி எதிர்ல, வேம்புலி அம்மாவுக்குத் தம்பியா, தலைவர் தேசிங்குக்கு அண்ணனா முறை கட்டியிருக்காங்க. ஊரே சாட்சி. படகு எஞ்சின் எண்ணெய் எத்தனை வருஷமா இந்தத் தண்ணியில கொட்டுது. வீட்டு ஆளை வெளியாள் தலையில கட்டப் பாக்கறாங்க."

வேம்புலி எழுந்து நின்றாள். மூணாவது தொட்டி என்றாள், நாலாவது தொட்டி என்றாள், மூட்டு, சாக்கு, வெள்ளம், போன் என்று மூச்சு விடாமல் சொல்லி, இரண்டு பேரையும் சொன்னாள். கம்பெனிக்காரரின் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் எங்கோ போய்விட்டு வந்தது.

"இதை நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"இவந்தான் சொன்னான், வந்த அன்னிக்கே!"

"இவர் இல்லைங்கறாரே அம்மா. நீங்க இவருக்கு அக்கா. உறவுக்காரங்க சொல்றத மட்டும் வெச்சு நான் இன்னொருத்தர் மேல எழுத முடியாது. வேற யாராவது கேட்டாங்களா?"

"இவங்க எல்லாருந்தான் கேட்டாங்க!" வேம்புலி ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "பூங்காவனம், நீ கேட்டியே!"

"கேட்டேம்மா" என்று பூங்காவனம் துணிந்து எழுந்தாள். "என் ரெண்டு காதால கேட்டேன். போன்ல பேசுனாரு ஒருத்தரு, அவரு பேரு..." வாயைத் திறந்தபடி நின்றாள். தேடினாள். அவளிடமிருந்தும் அது என்றைக்கோ ஆவியாகிப் போயிருந்தது, வேம்புலி இப்போது சொன்னதும் காதில் தங்கவில்லை. நாகூரானைப் பார்த்தாள், நாகூரான் மணலைப் பார்த்தார். வலை பொத்துகிறவர்கள், கட்டில் சுமந்தவர்கள், எல்லோரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடினார்கள். மறைக்கிறவர்களின் முகம் இல்லை அது, உண்மையாகவே தேடுகிறவர்களின் முகம். "மூணாவது வூட்டு ஆளுன்னு சொன்னானோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பூங்காவனம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கம்பெனிக்காரரின் நாற்காலிப் பக்கம் அவள் பார்வை போய் நின்றது. அங்கே ஒரு இளைஞன் கழுத்தில் கம்பெனி அட்டையும் நீலச் சட்டையுமாகத் தண்ணீர் பாட்டிலை ஏந்தி நின்றுகொண்டிருந்தான்.

"அடியே வேம்புலி" என்றாள் மெதுவாக. "அது உன் தம்பி மவன் நந்தகோபாலு இல்ல?"

வேம்புலி பார்த்தாள். அவள் தூக்கி வளர்த்தவனின் பிள்ளைதான். அவள் கண்ணுக்குத் தப்ப அவன் பாட்டிலை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டான். அங்கிருந்து தேசிங்கைப் பார்த்தாள். ஊர்த்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேசிங்கு கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்குகிறவன்போல. மாசி மகம் வரைக்கும் நாள் தள்ளினது, கட்டிலோடு வெயிலில் போட்டது, புகார் வந்தது என்று சொன்னது, தாகத்துக்குத் தண்ணீரில் இறக்கியபோது பக்கத்தில் நின்று தலையாட்டினது, ஒவ்வொன்றாக அல்ல, எல்லாம் ஒரே நேரத்தில் அவளுக்குள் வந்து இறங்கியது. அழுகை வரவில்லை. சேற்றில் துழாவும்போது கண்ணாடித்துண்டு விரலைக் கிழித்தால் முதலில் ஜில்லென்று மட்டும்தான் இருக்கும், அப்படி இருந்தது.

பொழுது சாய்வதற்குள் அதிகாரியம்மா முடிவைப் படித்தார். படிக்கும்போது வேம்புலியின் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணெய் ஊரைச் சேர்ந்தது என்று சாட்சியத்தால் தெரிகிறது, ஆகவே ஊராரே கழியைச் சுத்தம் செய்துகொள்ளவேண்டியது. அவ்வளவுதான். கார்கள் கிளம்பின, ஷாமியானாவைப் பிரித்தார்கள். ஊர், வேறு என்ன செய்வது, பிளாஸ்டிக் மக்கும் வாளியும் கந்தல் துணியும் எடுத்துக்கொண்டு கழிக்கு இறங்கியது. யாரும் யாரையும் திட்டவில்லை. உறவு செத்தால் குளிப்பாட்டுவதும் எடுப்பதும் நாம்தானே என்ற மாதிரி ஒரு பேச்சு எழுந்து, அதுவே ஊரின் முடிவாகவும் ஆகிவிட்டது. எட்டுப் பேரும் கரைவந்தானை வந்த வழியே தூக்கிவந்து கரையோரமாக இறக்கினார்கள். இறக்கும்போதே அவன் விரிசல் விட்டான். கால் பக்கம் உருண்டை உருண்டையாக உடைந்து, மணலோடு சேர்ந்து, தண்ணீருக்குள் அமிழ ஆரம்பித்தது.

"அக்கா" என்றான். அவள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"எவ்ளோ பேரு சுத்தி நின்னாங்க, எவ்ளோ கேள்வி. கொஞ்சம் பயமாத்தான் இருந்துது." அவன் குரலில் பெருமை இருந்தது. "ஆனா நான் உன்ன விட்டுக்கொடுக்கல இல்ல?"

வேம்புலி அவனையே பார்த்தாள். அந்த முகத்தில் பொய்யென்று ஒன்று இல்லவே இல்லை. பொய் சொல்லத் தேவையான லேசான சரக்கெல்லாம் முதல் நாட்களிலேயே காற்றில் போயிருந்தது.

"இல்லடா" என்றாள். "நீ விட்டுக்கொடுக்கல."

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அவன் பாதத்திலிருந்து அள்ள ஆரம்பித்தாள். அள்ள அள்ள அவன் வாடைக்காற்றைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், இந்த வருஷம் சுறா நிறைய வரும் என்றான், இடுப்புவரை வந்தபோது பேச்சு குறைந்தது, நெஞ்சுக்கு வந்தபோது நின்றது. அள்ளியது அள்ளியபடி டிரம்மில் ஊற்றினாள். டிரம் நிறைந்ததும் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. அப்போது இன்னொரு பக்கத்தை ஒரு கை வந்து பிடித்தது. நகம் வெட்டின, சேறு படாத கை.

"விடுக்கா, நான் பிடிக்கறேன்" என்றான் தேசிங்கு. டிரம்மைப் பிடித்தபடியே, "பையனுக்கு வயசாவுதுக்கா. அவனையும் கழித்தண்ணில எறக்க மனசு வரல" என்றான்.

வேம்புலி நிமிர்ந்தாள். சுற்றிலும் மக்கை நிறுத்திவிட்டு ஊர் பார்த்தது. அவள் அவனை மேலிருந்து கீழ்வரை, ரயிலடியில் வழி கேட்கிற புது ஆளைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள்.

"எந்த ஊருங்க உங்களுக்கு?" என்றாள்.

தேசிங்கு டிரம்மை விடவில்லை.

"இந்த ஊருதான்க்கா" என்றான், கல்லுக்கு அடியிலிருந்து வருகிற குரலில்.

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக டிரம்மிலிருந்து எடுத்துவிட்டாள். பூங்காவனத்தைக் கூப்பிட்டாள். அவள் வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேருமாக இழுத்து இழுத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். தேசிங்கு கால் நனைய அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அலை வந்து அவன் வேட்டி ஓரத்தை இழுத்துவிட்டுப் போனது. கரையில் இருந்த ஒருவரும் அவனைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.